ஒன்றரை வரி இடம்

1

இந்தக் கதை ஒரு தப்பிலிருந்து பிறந்தது. தப்பைச் செய்தவள் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்; கடைசியில் சொன்னால் ஏதோ உத்தி என்று நினைத்துக்கொள்வீர்கள்.

லிமாவில் நான் கூட்டக் குறிப்பு எழுதிப் பிழைப்பவள். ஒரு தெருவையோ சதுக்கத்தையோ மாற்றியமைக்க வேண்டுமென்றால் இப்போதெல்லாம் அங்கே குடியிருப்பவர்களைக் கூப்பிட்டுக் கேட்கிறார்கள். கேட்பதற்கு ஒரு ஆள் வேண்டும், பேசுவதற்கு ஊர் வேண்டும், பேசியதை எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்க இன்னொரு ஆள் வேண்டும். அந்த இன்னொரு ஆள் நான். மிச்ச நேரத்தில் கதை எழுதுகிறேன். குறிப்பில் பொய் கூடாது, கதையில் கூடும் என்று நம்பித்தான் இத்தனை நாள் இரண்டையும் செய்துவந்தேன்.

மூன்று தொடக்கங்கள் எழுதிக் கிழித்தாயிற்று.

"ஆகஸ்ட் தூறலில் நனைந்த சதுக்கம் ஒரு ——" ஒரு என்ன? தெரியவில்லை. ஈரமான சதுக்கம், அவ்வளவுதான்.

"எர்மிலா அடுப்பை மூட்டும்போது உலகம் இன்னும் ——" உலகத்தை எதற்கு இழுக்கிறேன்? அதற்கு எர்மிலாவைத் தெரியாது.

"சதுக்கத்தின் வடகிழக்கு மூலையில் அறுபத்தொரு பச்சைப் புள்ளிகள் பதிவாயின." இது என் கற்பனை இல்லை. முதல் கூட்டக் குறிப்பில் என் கையாலேயே எழுதிய வாக்கியம். ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஆனால் தப்பு இதில்தான் இருக்கிறது.

2

எர்மிலா எமோலியெந்தே விற்கிறாள். வாற்கோதுமை, ஆளி விதை, மலையிலிருந்து வரும் இரண்டு மூன்று மூலிகைகள், எல்லாவற்றையும் கொதிக்கவைத்து, எலுமிச்சை பிழிந்து, இரண்டு குவளைகளுக்கு நடுவே நீளமாக ஆற்றித் தம்ளரில் தருவாள். கொழகொழவென்று நெஞ்சுக்குள் சூடாக இறங்கும். பத்தொன்பது வருடங்களாக அதே வண்டி, எங்கள் சதுக்கத்தின் அதே வடகிழக்கு மூலை. காலை ஐந்திலிருந்து ஒன்பது வரை, மாலை ஐந்திலிருந்து எட்டு வரை. நடுவில் வண்டியைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவாள். அப்போது அந்த மூலை வெறும் சிமென்ட் தரை. இந்த நேரத்தை மனதில் வையுங்கள், கதை இதில்தான் கவிழப்போகிறது.

நாங்கள் அவளைக் கசேரா என்று கூப்பிடுவோம், அவளும் எங்களைக் கசேரா என்றுதான் கூப்பிடுவாள். விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இங்கே ஒரே பெயர். தம்ளர் காலியானதும் நீட்டினால் இன்னும் அரைத் தம்ளர் ஊற்றுவாள். அது கொசுறு. உருளைக்கிழங்கு வாங்கினாலும் ரிப்பன் வாங்கினாலும் கடைசியில் கொசுறு உண்டு. கேட்காமல் நகர்ந்தால் உடம்பு சரியில்லையா என்பார்கள்.

[கொசுறு: இந்தக் கதையில் அடிக்குறிப்புகளை இப்படித்தான் தரப்போகிறேன். காசு கொடுத்து வாங்கியது மேலே இருக்கிறது. இது சும்மா.]

3

முதல் கூட்டம் ஜூன் மாதத்தில், பள்ளிக்கூட முற்றத்தில் நடந்தது. இரண்டு மேசைகளைச் சேர்த்துப் போட்டு, படுக்கை விரிப்பு அளவுக்குச் சதுக்கத்தின் வரைபடத்தை விரித்திருந்தார்கள். ரென்சோ என்கிற இளம் கட்டடக் கலைஞன் விதியைச் சொன்னான். ஆளுக்கு மூன்று பச்சைப் புள்ளி, மூன்று சிவப்புப் புள்ளி. பிடித்த இடத்தில் பச்சை, பயப்படும் இடத்தில் சிவப்பு. புள்ளி கொடுக்க வேண்டிய பெண் வரவில்லை, அதனால் அட்டையை என்னிடம் திணித்தார்கள்.

வரிசையில் முதல் ஆள் டோன் அவெலினோ; டோன் என்றால் இங்கே 'ஐயா'. ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், குடியிருப்போர் சங்கத் தலைவர். ஆறு புள்ளிகளையும் ஒட்டிவிட்டுத் திரும்பி வந்து உள்ளங்கையை நீட்டினார்.

"கொசுறு எங்க?"

"டோன் அவெலினோ, இது என்ன உருளைக்கிழங்கா?"

"உருளைக்கிழங்குக்கே தர்றான். நகராட்சி தராதா?"

சிரித்துவிட்டு ஒரு பச்சைப் புள்ளியைப் பிய்த்துக் கொடுத்தேன். அதோடு தொலைந்தது. பின்னால் நின்ற எழுபது பேருக்கும் கொசுறு தராமல் முடியுமா? ரென்சோ மேசையின் அந்தப் பக்கம் யாருக்கோ வண்டிகள் நிறுத்துமிடத்தை விளக்கிக்கொண்டிருந்தான், கவனிக்கவில்லை.

மூன்று பச்சையையும் அவரவர் கவலையோடு ஒட்டியிருந்தார்கள்: பள்ளிக்கூட வாசல், கோயில் படிக்கட்டு, சொந்த வீட்டு முகப்பு. கையில் மிஞ்சியதை எங்கே ஒட்டுவது? அவெலினோ வடகிழக்கு மூலையில் ஒட்டி, "இது எர்மிலாவுக்கு" என்றார். அடுத்தவரும் அதையே சொன்னார். அப்புறம் அது ஒரு விளையாட்டாகிவிட்டது. எர்மிலா தன் நான்கையும் அங்கேயே வரிசையாக ஒட்டினாள்.

"உங்களுக்கே நீங்க ஒட்டிக்கிறீங்களா கசேரா?"

"என் எடத்துல நான் ஒட்டாம யாரு ஒட்டுவா? நீ எழுது, எழுத்தம்மா."

எழுதினேன். என் கைக்குறிப்பில் இன்றைக்கும் இருக்கிறது: "இது எர்மிலாவுக்கு (சிரிப்பு)". கூட்டத்தின் முடிவில் குறிப்பேட்டில் நல்ல பிரதி எழுதியபோது அந்த வரியை விட்டுவிட்டேன். அதிகாரப்பூர்வக் குறிப்பில் சிரிப்பை எழுதுவார்களா?

4

இந்த இடத்தில் எனக்கு எர்மிலா மேல் சந்தேகம் வருகிறது. ரொம்ப நல்லவளாக நிற்கிறாள். வண்டி, ஆவி, சூடான தம்ளர். நான் அவளை உங்களிடம் விற்கிறேனோ?

அதனால் இதையும் சொல்கிறேன். இரண்டு வருடம் முன்பு ஒரு வயதான பெண் அதே மூலையில் கூடையை இறக்கி, இலையில் சுற்றி அவித்த சோளமாவுத் தமால் விற்க உட்கார்ந்தாள். எர்மிலா மூன்றே நாளில் அவளை விரட்டினாள். அடிக்கவில்லை, திட்டவில்லை. ஒவ்வொரு காலையும் அந்தக் கூடைக்கு ஒரு அடி பக்கத்தில் சாக்கடைத் தண்ணீர் ஓடும்படி வாளியைக் கவிழ்த்தாள்.

"பாவம் இல்லையா?" என்று கேட்டேன்.

"பாவந்தான். இன்னைக்கு அவ, நாளைக்கு அவ மருமக. பதினேழு வருஷமா இந்த மூலை எம் பேர்ல இருக்கு."

எந்தக் காகிதத்திலும் அவள் பெயரில் இல்லை. இந்தப் பத்தியை எடுத்துவிட்டால் நீங்கள் சுலபமாக அவள் பக்கம் நின்றுவிடுவீர்கள். இரண்டு முறை எடுத்தேன், இரண்டு முறை திரும்பப் போட்டேன்.

5

இரண்டாம் கூட்டம். போன சனிக்கிழமை. ரென்சோ திரையில் புதிய சதுக்கத்தைக் காட்டினான். அகலமான நடைபாதை, பஸ் நிற்க ஒரே இடம், பள்ளிக்கூடம் முன்னால் வேகத்தடை. எல்லாம் நாங்கள் கேட்டவைதான். கடைசியாக வடகிழக்கு மூலை வந்தது. மூன்று மோயே மரங்கள், அவற்றைச் சுற்றி வட்டமாகக் கல் இருக்கை, தரையிலிருந்து பீய்ச்சும் நீர். மேலே எழுதியிருந்தது: "மக்கள் மிகவும் நேசிக்கும் இடம்."

கைதட்டினோம். எர்மிலாவும் தட்டினாள். தட்டி முடித்துவிட்டுக் கேட்டாள்.

"அழகா இருக்கு, இன்ஜினியர் தம்பி. என் வண்டி இதுல எங்க நிக்குது?"

"எந்த வண்டிம்மா?"

தமாஷ் பண்ணுகிறான் என்று நினைத்துப் பாதிப் பேர் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

"நாங்க அளவெடுத்தது காலையில பதினோரு மணிக்கும்மா. போட்டோ கூட இருக்கு. அங்க ஒண்ணுமே இல்ல. வெறும் மூலை. அதைப் போய் இத்தனை பேர் நேசிக்கிறாங்களேன்னு எங்க ஆபீஸ்லயே ஆச்சரியப்பட்டோம்."

"வெறும் மூலைய எவன்யா நேசிப்பான்?" என்றாள் எர்மிலா.

ஒவ்வொருவராகத் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

அவள்மேல் வைத்த பிரியத்தால்தான் அவள் இடம் போகிறது. நாங்கள் ஒரு புள்ளிகூட ஒட்டாமல் இருந்திருந்தால் அந்த மூலையை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். (இதை இன்னும் நன்றாகச் சொல்ல வேண்டும் என்று நான்கு நாளாக முயல்கிறேன். வரவில்லை. அப்படியே கிடக்கட்டும்.)

6

கூட்டம் கலைந்ததும் ரென்சோவைப் பிடித்தேன். வண்டியை மரத்தடியில் நிறுத்தக் கூடாதா என்றேன். பசுமைப் பகுதியில் வியாபாரம் கூடாது, விதி என்றான். அடுத்த கூட்டத்தில் நான் எழுந்து, அன்றைக்கு நடந்ததைச் சொன்னால்?

"சொல்லுங்க. ஆனா அது உங்க கருத்து. கருத்துச் சொல்ற காலம் முடிஞ்சு போச்சுங்க. வர்ற சனிக்கிழமை ஏத்துக்கலாம், இல்ல மொத்தமா வேணாம்னு சொல்லலாம். வேணாம்னா இந்த வருஷ ஒதுக்கீடு வேற சதுக்கத்துக்குப் போயிடும்." திரையைச் சுருட்டினான். நல்ல பையன், அவனுக்கும் இது உறுத்தியிருந்தது. "முதல் கூட்டக் குறிப்புல காரணம் ஏதாவது எழுதியிருக்கா? அதுல இருந்தா அது மக்கள் சொன்னது. நான் மூலைய மாத்தி வரைஞ்சே ஆகணும்."

அசல் குறிப்பேடு என் வீட்டில்தான் இருக்கிறது. திறந்து பார்த்தேன். காரணம் இல்லை. ஆனால் பதினான்காவது தீர்மானத்துக்கும் முதல் கையெழுத்துக்கும் நடுவே ஒன்றரை வரி காலியாக இருக்கிறது.

இது விளங்க வேண்டுமானால் என் தொழிலைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். காலி இடம் விட்டால் குறுக்கே கோடு இழுத்துவிட வேண்டும். கையெழுத்துப் போட்டவர்கள் தலைக்குமேல் பிறகு யாரும் எதையும் செருகக் கூடாது என்பதற்காக. பதினோரு வருடத்தில் நான் ஒருமுறையும் மறந்ததில்லை. அன்றைக்கு மறந்தேன். கோடு இழுக்கப் பேனாவை எடுத்தபோது எர்மிலா முற்றத்துக்கே கெண்டியோடு வந்து, "இந்தா, கொசுறு" என்று என் தம்ளரை நிரப்பினாள்.

[கொசுறு: இங்கே ஒரு சமாதானம் எழுதியிருந்தேன். "அவளிடம் உரிமம் இல்லை, பெயர் குறிப்பில் ஏறினால் நகராட்சி ஆட்கள் வருவார்கள் என்று பயந்துதான் ——". பொய். அப்படி நான் யோசிக்கவே இல்லை. சிரிப்பை எழுதினால் மதிப்பாக இருக்காது என்று நினைத்தேன், அவ்வளவுதான்.]

அவெலினோவிடம் போய் என் கைக்குறிப்பை வாசித்துக் காட்டினேன். மறுக்கவில்லை.

"சொன்னேன்தான். ஒரு புள்ளி கொசுறா வந்துச்சு, அவளுக்குக் குடுத்தேன். கொசுறுக்கெல்லாமா காரணம் எழுதுவாங்க?"

"இப்ப எழுதலாம்னு இருக்கேன்."

"எழுதுவே, எழுதுவே. அந்தப் பக்கத்துல என் கையெழுத்து முதல்ல இருக்கு, பாத்துக்க. அதுக்கு மேல நீ ஒரு எழுத்து சேத்தாலும் அது திருட்டு. இதுக்குப் பயந்துதானே நாங்க காலமெல்லாம் நகராட்சிக்குக் கையெழுத்தே போடாம இருந்தோம்?"

பேசிக்கொண்டே ஜன்னல் பக்கம் பார்த்தார். அவர் மனைவி டெல்ஃபினா அங்கே சக்கர நாற்காலியில் இருந்தாள். அவர்கள் வீடு வடகிழக்கு மூலைக்கு நேர் எதிரே.

"பதினாலு மாசமா இந்த ஜன்னல்தான் அவளுக்கு. அந்தப் படத்துல மரம் இருந்துச்சு பாரு, அதக் காட்டினேன். எந்தப் பக்கம் நெழல் விழும்னு கேட்டா. ரொம்ப நாள் கழிச்சு அவளா ஒண்ணு கேட்டா."

அவர் மேல் எனக்குக் கோபம் இருந்தது. வெளியே வரும்போது இல்லை. இருந்திருந்தால் வசதியாக இருந்திருக்கும்.

7

இந்தக் கதைக்கு நான் யோசித்த முடிவுகள்.

அ. எழுதிவிடுகிறேன். சனிக்கிழமை வாசிக்கிறேன். எழுதியது முழுக்க உண்மை. ரென்சோ நிம்மதியாக மரங்களை எதிர்மூலைக்கு மாற்றுகிறான், டெல்ஃபினாவின் ஜன்னலிலிருந்து அது தெரியாது. அவெலினோ எழுந்து மையின் நிறம் வேறாக இருக்கிறது என்கிறார். அதற்குப் பிறகு இந்தப் பகுதியில் யாரும் எந்தக் காகிதத்திலும் ——

ஆ. கோடு இழுத்துவிடுகிறேன். மரங்கள் வருகின்றன. எர்மிலா இரண்டு தெரு தள்ளி வண்டியை நிறுத்துகிறாள். அங்கே ஏற்கெனவே ஒரு கூடை இருக்கிறது, தமால் விற்கும் கிழவியுடையது. கிழவி தன் வாளியை ——

இ. மரத்தடியில் வண்டி, வண்டிப் பக்கத்தில் டெல்ஃபினா, கையில் தம்ளர். விதியை யாரோ தளர்த்திவிட்டார்கள். இதை எழுதும்போது எனக்கே வெட்கமாக இருந்தது. அழித்துவிட்டேன். ஆனால் நேற்று பேருந்தில் போகும்போது மறுபடி இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

8

இன்று காலை குறிப்பேட்டை ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு மூலைக்குப் போனேன். தூறிக்கொண்டிருந்தது. அந்த ஒன்றரை வரியை எர்மிலாவிடம் காட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தாள், தொடவில்லை.

"ஏன் இப்படி விட்ட?"

"கோடு போடப் போனேன். நீங்க தம்ளர நிரப்பினீங்க."

"அட." கொஞ்சம் சிரித்தாள். பிறகு ரொம்ப நேரம் குவளையிலிருந்து குவளைக்கு ஆற்றிக்கொண்டே இருந்தாள், ஆற வேண்டியதற்கும் மேலே.

"எழுதட்டுமா கசேரா?"

"என்னக் கேட்டா எழுதுன்னுதான் சொல்லுவேன். எனக்கு வேற எடம் இல்ல. அவெலினோவக் கேட்டா எழுதாதேம்பாரு. அவருக்கும் வேற வழி இல்ல. எங்கள எதுக்குக் கேக்குற? இந்த வண்டியில ஒரு வாய்கூடக் குடிக்காத ஆளு யாராவது இருந்தா அவங்களக் கேளு."

லிமாவில் அப்படி ஒரு ஆளைத் தேடி எங்கே போவேன்? அதனால்தான் இதை எழுதினேன்.

நீங்கள் அவளிடம் குடித்ததில்லை. டெல்ஃபினா நிழலைப் பற்றிக் கேட்டதை அவெலினோ சொன்னபோது அவர் முகத்தைப் பார்த்ததில்லை. நாளை மறுநாள் நான்கு மணிக்குக் கூட்டம். எழுதுவதா, கோடு இழுப்பதா, நீங்கள் சொல்லுங்கள். அந்த இடம் இவ்வளவுதான்:

________________________________________

____________________

புள்ளி அட்டையில் ஒரு பச்சை மிஞ்சியிருக்கிறது. கொசுறாக வைத்துக்கொள்ளுங்கள். எங்கே வேண்டுமானாலும் ஒட்டுங்கள், ஆனால் ஒட்டும்போது ஏன் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சிரித்தாலும் பரவாயில்லை, இந்த முறை அதையும் எழுதிக்கொள்கிறேன்.