சுற்றுக்கல் மோதிரத்துக்கு ஒரு காது

1

இந்தக் கதை மலேசியாவின் கூலிம் நகரில் ஒரு நகைக்கடையில் தொடங்கியது. நண்பரின் மகளுக்கு நிச்சய மோதிரம் பார்க்கப் போயிருந்தோம். நடுவில் ஒரு வைரம், சுற்றிலும் பொடிக்கற்கள்.

"இதுக்குப் பேரு ஹாலோ மோதிரம், அங்கிள். பத்து வருஷம் முன்ன எல்லாரும் இதான் கேட்டாங்க. இப்போ ஒத்தக்கல்தான் லா," என்றாள் விற்பனைப்பெண்.

நூறாண்டுக்கு முன்பும் மேற்கில் இதைக் கொண்டாடினார்கள். பிறகு ஒற்றைக்கல் வந்து ஒதுக்கியது. இது திரும்பி வந்தது. சின்னக் கல்லைப் பெரிதாகக் காட்டும் எதுவும் முழுதாகச் சாவதில்லை. எனக்கோ அது, காதில் செருகும் தண்டை அறுத்துவிட்ட ஏழுகல் தோடாகத் தெரிந்தது. மீதி என் கற்பனை.

2

முதல் தொடக்கம்: "1943. ரப்பர் மரங்கள் கண்ணீர் வடித்த—"

வேண்டாம். ரப்பர் மரம் வடிப்பது பால்.

இரண்டாவது: அதே 1943. பாலிங் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் மருந்து கொடுப்பவர் டிரசர் குலசிங்கம், யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவர். சயாம் மரண ரயில்பாதை வேலைக்குப் பிடித்த ஆட்களோடு அவரையும் பத்து நாளில் அனுப்புகிறார்கள் ஜப்பானியர்கள். அதற்குள், தான் மணக்க இருக்கும் இரஞ்சிதத்தை நிச்சயம் செய்துவிட வேண்டும். அவளுடைய தகப்பன் துரைசிங்கம் அசையவில்லை.

"மோதிரம் இல்லாமல் என்ன நிச்சயம், தம்பி? என்ர மனுசிக்கு நான் சுத்துக்கல் மோதிரமெல்லோ போட்டனான்."

(இவரை வில்லனாக்கப் பார்த்தேன். அந்த மோதிரத்தை அரிசிக்குக் கொடுத்தவரும் இவர்தான் என்று தோன்றியதும் கை வரவில்லை.)

3

அதே தோட்டத்தில் பால்மரம் வெட்டும் செல்லாயி தன் இடக்காது ஏழுகல் தோட்டைக் கழற்றிக் குலசிங்கத்திடம் நீட்டினாள்.

"வேண்டாம் செல்லாயி. மூளிக் காதோட திரியப் போறியோ?"

"காய்ச்சல்ல கெடந்தவள முதுகுல தூக்கிட்டு வந்தீங்களே டிரசரையா. ஒரு காது சும்மா கெடந்தா செவிடாயிருவேனா? புடிங்க. மாரியாத்தா கேட்டா, ஜப்பான்காரன் புடுங்கிட்டான்னு சொல்லிக்கிறேன்."

பத்தர் சுப்பிரமணியம் தண்டை அறுத்து, தோட்டை வளையத்தில் பற்றவைத்தார்.

(என்ன கல்? வெள்ளைக் கல். அதற்கு மேல் எனக்குத் தெரியாது.)

4

குலசிங்கம் செய்த தவறு ஒன்றுதான்: செல்லாயியை நிச்சயத்துக்கு அழைத்தார். கொடுத்தவளை எப்படி அழைக்காமல் இருப்பது? அவளும் வந்தாள். வலக்காதில் ஏழுகல். இடக்காதில், துளை தூர்ந்துவிடாதிருக்கச் செருகிய விளக்குமாற்றுக் குச்சி.

பாதிரியார் ஜெபத்தை முடித்தார். இரஞ்சிதம் மோதிரத்தைப் பார்த்தாள். வாசலோரம் நின்ற செல்லாயியைப் பார்த்தாள்.

"என்ன பிள்ளை, விரலை நீட்டன்," என்றார் துரைசிங்கம்.

செல்லாயி முந்தானையை இழுத்து இடக்காதை மூடிக்கொண்டாள்.

5

ஒரு முடிவில் இரஞ்சிதம் பேசாமல் விரலை நீட்டுகிறாள். எழுதினேன், ஆனால் அவள் அப்படிப்பட்டவள் இல்லை.

இன்னொன்றில், "இது அந்த அக்காவின்ர தோடெல்லோ?" என்று கேட்டுவிடுகிறாள். துரைசிங்கம் நிச்சயத்தை நிறுத்துகிறார். குலசிங்கம் யாருக்கும் சொந்தமில்லாதவராகச் சயாமுக்குப் போகிறார். அதையும் அடித்துவிட்டேன்.

மூன்றாவதில் இரஞ்சிதம் மோதிரத்தை வாங்கிக்கொண்டு வாசலுக்கு நடக்கிறாள். முந்தானையை விலக்குகிறாள்.

"அக்கா, உங்கட தோடு. நீங்களே என்ர விரல்ல போட்டுவிடுங்கோ."

செல்லாயி கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு மோதிரத்தை வாங்குகிறாள். எல்லாரும் துரைசிங்கத்தைப் பார்க்கிறார்கள். அவருடைய நாற்காலி நகரும் சத்தம் கேட்கிறது.

நான் இங்கிருந்து கேட்பது அந்தச் சத்தத்தை மட்டுமே. எழுந்து வெளியே போகிறாரா, செல்லாயி உட்கார நாற்காலியைத் தள்ளிப் போடுகிறாரா? நீங்கள் அவருக்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள். பார்த்துச் சொல்லுங்கள்.