வேம்பில் தொங்கும் எஞ்சின்

1.

இந்தக் கதை நானாக யோசித்தது அல்ல, எனக்கு இடப்பட்ட வேலை. போன சித்திரையில் கோப்பாய்க்குப் போனபோது, பக்கத்து வீட்டுத் தங்கமுத்து மாமி தேத்தண்ணீரைக் கையில் தந்துவிட்டுக் கேட்டார்: "நீ கதை எழுதுறியாமே. அப்ப அந்த எஞ்சினை ஒருக்காக் கழட்டிவிடன்."

மாமியின் கணவர் கனகலிங்கம் ஓட்டிய வாடகைக் காரின் எஞ்சின் அது. 1991 ஆனி மாதத்தில் ஒரு காலை அதைக் கழற்றத் தொடங்கினார்கள், முடிக்கவில்லை. கதையிலாவது கழன்று வரட்டும் என்பது மாமியின் ஆசை. ஒரு எழுத்தாளனை நம்பி இப்படி ஒரு வேலையை யார் தருவார்கள்? எனக்குத் தலைகால் புரியவில்லை.

2.

முதல் தொடக்கம்: "வானம் கறுத்துக் கிடந்தது. போர் என்னும் கொடிய..."

(அடித்துவிட்டேன். அன்று நல்ல வெயிலாம்.)

இரண்டாம் தொடக்கம்: "மாமரத்தின் கீழே கனகலிங்கம்..."

(யாழ்ப்பாணக் கதை என்றால் மாமரம் தானாக முளைத்துவிடுகிறது. அங்கே நின்றது வேம்பு.)

மூன்றாவது: கோப்பாயில் ஓடக்கூடிய நிலையில் இருந்த நாலைந்து கார்களில் கனகலிங்கத்தின் ஏ போர்ட்டி என்ற பழைய காரும் ஒன்று. பெற்றோல் இல்லாத காலம். ஒரு சொட்டுப் பெற்றோலைக் காட்டி ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டுவார். கார் இருமும், புகை கக்கும், ஆனாலும் போகும். போவதுதான் பிரச்சினை. ஓடும் கார்களைக் கேட்டு வருகிறார்கள், ஓட்டுபவரையும் சேர்த்துத்தான் கேட்கிறார்கள் என்று ஊரில் கதை அடிபட்டது.*

"கார் போனாப் போகட்டும். நீங்கள் போனா நான் என்ன செய்யிறது?" என்றார் தங்கமுத்து. "எஞ்சினைக் கழட்டி வைக்கோலுக்கை தாழுங்கோ. ஓடாத காருக்கு றைவர் எதுக்கு?"

* யார் கேட்டார்கள் என்று மூன்று விதமாக எழுதி, மூன்றையும் அடித்துவிட்டேன். ஊரில் இன்னும் உறவினர்கள் இருக்கிறார்கள்.

3.

இனிக் கிறகோரி. கடற்கரைப் பக்கத்து மனிதர், தோணி எஞ்சின் தூக்கும் செயின் புளொக் வைத்திருந்தவர். இவரை வெட்டிவிட்டால் கதை கச்சிதமாக இருக்கும் என்று நினைத்தேன். ஆனால் எஞ்சினை யார் தூக்குவது? நானா? ஆகவே கிறகோரி இருக்கட்டும். வேப்பங்கொப்பில் செயின் புளொக்கைக் கட்டினார். பொனற் கழன்றது, றேடியேற்றர் கழன்றது. இனிக் கடைசி ஆணிகள்தான்.

"ஒருத்தருக்கும் தெரியக்கூடாது, சத்தம் போடாதேங்கோ" என்று தங்கமுத்து தெருப் படலையில் காவல் நின்றார்.

இந்த இடத்தில்தான் கனகலிங்கம் தேங்காயைத் தேடினார்.

முப்பது வருடமாக அந்தக் காரில் எந்தக் காரியத்தையும் அவர் தேங்காய் உடைக்காமல் தொடங்கியதில்லை.

"உங்களுக்கென்ன விசரே? களவா எஞ்சின் கழட்டுறதுக்கும் தேங்காயோ?"

"பிள்ளையார் கேக்கிற மாதிரி மெல்லமா உடைக்கிறன்."

சாக்கில் சுற்றி உடைத்தார். ஒழுங்காக உடையவில்லை, ஓரத்தில் ஒரு கீறல் மட்டும் விழுந்தது. அபசகுனத்தோடு ஆணியில் கைவைக்க முடியுமா? படலைக்குப் போய், இரண்டாவது தேங்காயை வெறும் கல்லில் ஓங்கி அடித்தார். சுக்குநூறாகியது. ஒழுங்கை முழுக்கக் கேட்டது. திருப்தியோடு வந்து கடைசி ஆணியைக் கழற்றினார். எஞ்சின் ஒரு முழம் மேலே எழும்பியது.

(மாமி இதைச் சொல்லும்போது இன்றைக்கும் தலையில் கை வைப்பார். பிறகு சிரிப்பார்.)

4.

கனகலிங்கத்தின் படலையில் தேங்காய் உடைந்தால் கார் பயணம் வெளிக்கிடுகிறது என்று அர்த்தம். ஊருக்கெல்லாம் இது தெரியும்.

கால் மணித்தியாலத்தில் அடுத்த வீட்டுத் தியாகராசா வந்தார். ஒரு கையில் சுடுதண்ணிப் போத்தலும் தலையணையும், மறு கையில் மனைவி இராசாத்தி. நிறைமாதம். விடியத் தொடங்கிய நோவு.

"அண்ணை, ஆரைக் கேக்கிறதெண்டு யோசிச்சுக்கொண்டு நிண்டனாங்கள். தேங்காய்ச் சத்தம் கேட்டுது. நல்ல காலம், பெரியாஸ்பத்திரிக்கு..."

அவர் வசனத்தை முடிக்கவில்லை. எஞ்சினைப் பார்த்துவிட்டார்.

(கதையில் ஒரு நிறைமாதக்காரி வந்தால் கடைசியில் என்ன நடக்கும் என்று வாசகருக்குத் தெரியும். இராசாத்திக்குப் பல்லுவலி என்று மாற்றிப் பார்த்தேன். சரிவரவில்லை, ஏனென்றால் வயிற்றில் இருந்தது நான்.)

5.

எல்லோரும் எஞ்சினைப் பார்த்தார்கள். கனகலிங்கம் மனைவியைப் பார்த்தார். கிறகோரி சங்கிலியைப் பிடித்தபடி, "ஏத்தவோ, இறக்கவோ?" என்று கேட்டார்.

பதில் சொன்னது தங்கமுத்து மாமி. அம்மாவைக் கூட்டிப்போய் உள்ளே பாயில் சாய்த்துவிட்டு, வாசலில் வந்து நின்றுதான் சொன்னாராம்:

"இறக்குங்கோ."

இரண்டு மணித்தியாலத்தில் எஞ்சின் பழையபடி பூட்டப்பட்டது. புகை கக்கிக்கொண்டு கார் யாழ்ப்பாணம் போனது. மத்தியானம் நான் பிறந்தேன். திரும்பி வரும் வழியில் காரைக் கேட்டார்கள். ஓட்டுபவரையும் கேட்டார்கள். இரண்டு நாளில் வந்துவிடுவார் என்று சொன்னார்களாம்.

முப்பது வருடத்துக்கு மேலாகிறது.

6.

முடிவு அ: எஞ்சின் மேலே ஏறுகிறது, வைக்கோலுக்குள் போகிறது. கனகலிங்கம் மாமா கிழவராகி, இப்போது எனக்கு எதிரே இருந்து, "நீ கதை எழுதுறியாமே" என்று...

(இதற்கு மேல் எழுத வரவில்லை. அவருடைய குரல் எனக்குத் தெரியாது.)

முடிவு ஆ: நடந்தது. அதை மாமியிடம் எப்படிக் கொடுப்பது?

7.

அன்று தேத்தண்ணீர் ஆறிப்போகும்வரை யோசித்துவிட்டு நான் கேட்டேன்: "எஞ்சினைக் கழட்டினா அப்ப நான், மாமி?"

"நீ எப்பிடியும் பிறந்திருப்பாய். சைக்கிளிலை எண்டாலும் ஏத்திக்கொண்டு போயிருப்பினம்."

"மாமா திரும்பி வரமாட்டார் எண்டு தெரிஞ்சிருந்தா இறக்கச் சொல்லியிருக்கமாட்டியளோ?"

மாமி கோப்பையை வாங்கிக்கொண்டு எழும்பினார். "அப்பவும் இறக்கத்தான் சொல்லியிருப்பன். அதுதான் உன்னைக் கேக்கிறன். என்னாலை ஏலாது."

என்னாலும் ஏலவில்லை, மாமி. எஞ்சின் மேலே போனால், நோவோடு பாயில் கிடப்பது என் அம்மா. கீழே வந்தால், போவது உங்கள் மனிதர்.

செயின் புளொக்கில் ஒரு நல்ல குணம் உண்டு. சங்கிலியைக் கைவிட்டாலும் பாரம் விழாது, விட்ட இடத்தில் அப்படியே நிற்கும். ஆகவே நான் கைவிடுகிறேன். வேப்பங்கொப்பில் எஞ்சின் ஒரு முழ உயரத்தில் நிற்கிறது. மாமா இன்னும் முற்றத்தில் நிற்கிறார், கையெல்லாம் கிறீஸ். நான் இன்னும் பிறக்கவில்லை.

வாசகரே, சங்கிலி உங்கள் பக்கம் தொங்குகிறது. இழுப்பதற்கு முன் வாசலை ஒருமுறை பாருங்கள். மாமி வாய் திறக்கப்போகிறார்.