இடது கைக்கு ஒரு கதவு

அலெக்ஸாந்திரியாவின் அஜமியில் அலுமினியப் பட்டறை வைத்திருக்கும் ஷஹீராவுக்குத் தன் வேலையில் என்றைக்கும் சந்தேகம் வந்ததில்லை. வாடிக்கையாளர்களுக்குத்தான் வரும். கேப்டன் ரவூஃபுக்கு அது கொஞ்சம் தாராளமாகவே வந்திருந்தது.

கடலைப் பார்த்த அவர் வீட்டுக் கூடத்துக்கு ஐந்து மீட்டர் அகலத்தில் தள்ளுகதவு வேண்டும். கப்பல் ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர், சட்டம் தேக்கில்தான் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

"கப்பல்ல தேக்குத் தளத்துலயே நடந்தவன் நான், மேஸ்திரியம்மா."

"தளத்தை யாரும் தள்ளித் திறக்கலையே கேப்டன்? மழைக்கு மரம் ஊதிக்கிட்டா உங்க கதவு சுவராயிடும்."

சக்கர நாற்காலியில் இருந்த அவர் மனைவி மார்செல் களுக்கென்று சிரித்தாள். எட்டு மாதம் முன்பு வந்த பக்கவாதத்தில் அவளுக்கு வலது கையும் காலும் போய்விட்டன.

"அப்ப பிளாஸ்டிக் போடு. கெய்ரோவுல என் மச்சான் வீட்ல போட்டிருக்கான்" என்றார் கேப்டன்.

"உங்க மச்சான் வீட்ல இருக்கறது ஜன்னல். இவ்வளவு பெரிய பலகைன்னா உள்ள இரும்பு சொருகணும். சட்டம் தடிக்கும், கனம் ஏறும். அம்மா எப்படி இழுப்பாங்க?"

"அவ ஏன் இழுக்கணும்? நான்தான் இருக்கேனே!"

மார்செலின் சிரிப்பு நின்றது. பேச்சு இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள். "நீங்க கடல்ல இருந்தீங்களே, முப்பது வருஷம். இந்த வீட்டுக் கதவை... யார் திறந்தா?"

கேப்டன் மீசையைத் தடவிக்கொண்டார். மார்செல் தானே திறக்கத்தான் இந்தக் கதவு என்று ஷஹீராவுக்கு அப்போதுதான் புரிந்தது. இதை முதலிலேயே அவளிடம் கேட்காமல் விட்டோமே என்று தன் மேலேயே கோபம் வந்தது.

மறுநாள் இரண்டு சட்டத் துண்டுகளோடு வந்தாள். பட்டறை மொட்டைமாடியில் கடற்பக்கம் அவள் கட்டித் தொங்கவிட்டிருந்தவை; மூன்று குளிர்காலப் புயல்களில் அடிபட்டவை.

"ரெண்டும் அலுமினியம்தான். இதுல பூச்சு மட்டம், உப்புல கொப்புளிச்சுப் போச்சு பாருங்க. அது இன்னும் வழுவழுன்னு இருக்கு. அதையே போடறேன். கதவு ஓடற தண்டவாளத்தைத் தரையோட தரையா புதைச்சிடறேன், நாற்காலி தட்டாது. நவம்பர்ல வர்ற விளக்குமாறுப் புயல் அன்னிக்கு நானே வர்றேன். அம்மா இடது கையால திறக்கலைன்னா கதவைக் கழட்டிட்டுப் போயிடறேன்."

"புயலன்னிக்கு எந்த மேஸ்திரி போனை எடுத்திருக்கான்?" என்றார் கேப்டன்.

கதவு மாட்டிய பிறகு, நவம்பரில் தெருவையெல்லாம் பெருக்கித் தள்ளும் அந்தப் புயல் வந்தது. ஷஹீராவும் சொட்டச் சொட்ட நனைந்து வந்து நின்றாள். மழை சற்று ஓய்ந்த நேரம். மார்செல் இடது காலால் உந்திக் கதவருகே போனாள். கைப்பிடியைப் பிடித்து இழுத்தாள்.

கதவு சத்தமில்லாமல் ஓடியது. காற்று உள்ளே பாய்ந்து மேசை விரிப்பைத் தூக்கி எறிந்தது.

"மூடு, மூடு! சளி பிடிக்கும்!" என்று கத்தினார் கேப்டன்.

மூடினாள். ஆனால் வெளியே போய், அந்தப் பக்கத்திலிருந்து மூடினாள்.

கேப்டன் பதறிக் கைப்பிடிக்குப் பாய்ந்தார். ஷஹீரா குறுக்கே நின்றாள்.

"விடுங்க கேப்டன். பத்து மாசமா அவங்களை ஒரு நிமிஷம் தனியா விட்டீங்களா?"

அவர் கை தாழ்ந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், கடலைப் பார்த்தபடி, தலைமுடி கன்னாபின்னாவென்று பறக்க, மார்செல் வாய்விட்டு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். உள்ளே ஒரு சொல்லும் கேட்கவில்லை.

"என்ன சொல்றா?" என்றார் கேப்டன், குழந்தை மாதிரி.

"அது உங்ககிட்ட சொல்றது இல்ல," என்றாள் ஷஹீரா.