ஓட்டாமல் விட்ட கடைசி ரீல்

தியேட்டர்காரர் அந்தச் சிரிப்புப் படத்தின் கடைசி ரீலை ஓட்டாமல் விட்ட வெள்ளிக்கிழமையிலிருந்து, அதைப் பார்த்த நூற்றுப் பன்னிரண்டு தம்பதிகள் சண்டை போடத் தொடங்கினார்கள்; ஒரு சண்டைகூட முடியவில்லை. படத்தில் ஒரு பங்களாவுக்கு ஆசைப்பட்டுப் புருஷனும் பெண்டாட்டியும் மல்லுக்கட்டுவார்கள். கடைசி ரீலில் இருவரும் தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்து, விழுந்து விழுந்து சிரித்து, பங்களாவும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று கைகோத்துக் கிளம்பிவிடுவார்கள். தியேட்டரில் கூட்டமென்றால் அப்படியொரு கூட்டம்! ஐந்தாவது காட்சியைச் செருக வேண்டுமே என்று மனுஷன் பேயாய் அலைந்து, சண்டையின் உச்சத்திலேயே விளக்கைப் போட்டு, "அவ்வளவுதான், கிளம்புங்க கிளம்புங்க" என்று ஜனங்களை விரட்டினார்.

பல் டாக்டரின் மனைவி அவர்மேல் எறிந்த கரண்டி பாதி வழியில் காற்றிலேயே நின்றுவிட்டது; அதில் துண்டு காயப்போட்டார்கள். தையல்காரர் மனைவியிடம் "உங்க வீட்டு ஆளுங்க..." என்று ஆரம்பித்த வாக்கியத்துக்கு ஒன்பது நாளாகியும் முற்றுப்புள்ளி வரவில்லை, பேன்ட்டுக்கு அளவெடுக்கும்போதும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

டிக்கெட் கவுன்டரில் உட்காரும் தியேட்டர்காரரின் மனைவியும் படம் பார்த்திருந்தாள். "இன்னும் ஒரு ஷோ, இன்னும் ஒரு ஷோ! என்கூட உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டு எத்தனை மாசம் ஆச்சு? நான் எங்க அக்கா வீட்டுக்குப் போறேன்" என்று பெட்டியைத் தூக்கியவள், வாசற்படி தாண்டத் தூக்கிய காலோடு அப்படியே நின்றாள். நாள் கணக்கில் நின்றாள். அவர் முதலில் உள்ளூர மகிழ்ந்தார்: போகவில்லையே! ஐந்து காட்சியும் ஓடியது, பெண்டாட்டியும் வீட்டில் இருந்தாள். ஆனால் அவள் அவர் பக்கம் திரும்பவுமில்லை. பரிமாறிய தட்டை அவள் முன்னால் நீட்டி நீட்டிக் கை ஓய்ந்தபோது அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

ஊரே வாசலில் வந்து நின்றது. "யோவ், அந்தக் கடைசி ரீலைப் போடுய்யா!" போட்டால் எல்லாச் சண்டையும் முடியும். எப்படி முடியும் என்பதுதான் யாருக்கும் தெரியாது. தூக்கிய கால் வெளியே விழுந்தால் அவள் போய்விடுவாள். இருந்தாலும் அவர் ப்ரொஜெக்டரைத் தெருவுக்குத் தூக்கி வந்து, பொழுது சாய்ந்ததும் எதிர்வீட்டுச் சுவரில் ரீலை ஓட விட்டார்.

தொட்டிக்குள் இருவரும் தொபுக்கென்று விழுந்தார்கள். அடேயப்பா, என்ன சிரிப்பு! பல் டாக்டர் வீட்டில் கரண்டி 'டங்' என்று தரையில் விழுந்தது. தையல்காரர் "...தங்கமானவங்க" என்று முடித்தார், அவர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். தியேட்டர்காரரின் மனைவி கால் இறங்கியது, வெளியேதான். அவருக்கு உயிரே போய்விட்டது. அவள் பெட்டியோடு படியிறங்கி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடந்து, தெரு நடுவில் பெட்டியைக் கிடத்தி அதன்மேல் உட்கார்ந்தாள்.

"மெஷினையே கட்டிக்கிட்டு அழப்போறீங்களா? வாங்க, இடமிருக்கு."

அவர் ஓடிப்போய் ஒட்டி உட்கார்ந்தார். ப்ரொஜெக்டருக்குப் பக்கத்தில் ஒருவருமில்லை. அதுபாட்டுக்கு ரீலை ஓட்டி, தானே பின்னுக்குச் சுற்றி, மறுபடியும் முதலிலிருந்து போட்டது. "கொஞ்சம் சத்தமா வை" என்று யாரோ அதனிடம் சொன்னார்கள், வைத்தது.