நாற்பது கருப்பு முடிச்சுகள்

"இது யாருதுடா?"

வரலட்சுமியின் கையில் துணி எடுக்கிற மூங்கில் குச்சி இருந்தது. குச்சியின் முனையில் ஆரஞ்சு நிற ரேடியம் ஜாக்கெட் ஒன்று தொங்கியது. அவளுடைய புடவைக்குப் பக்கத்தில் அதைக் கொடியில் காயப் போட்டிருந்தவன் மகன் தனசேகர்.

"சைட்டுது."

"காலர்ல கருப்பு நூலு கீது. காலனி ஆளுங்க ஜாக்கெட்டுக்குத்தான் கருப்பு நூலுன்னு நீதான சொன்ன?"

"செங்கமலத்துது. தொவச்சா கலர் திரும்புதான்னு பாக்க எடுத்துக்கினு வந்தேன்."

வரலட்சுமி குச்சியை வாசலுக்கு அப்பால் நீட்டி உதறினாள். ஜாக்கெட் சாக்கடை ஓரம் விழுந்தது. பிறகு காய்ந்து முடிந்திருந்த தன் புடவையை உருவி வாளியில் போட்டுக் குழாயைத் திறந்தாள். மருமகள் போய் ஒரு வருடம்கூட ஆகவில்லை, அதற்குள் வீட்டுக்குள் என்னவெல்லாம் வருகிறது என்று குழாயிடம் முறையிட்டாள்.

மனைவி தேவசேனா போனதிலிருந்து தனசேகரின் வாயிலிருந்து ஒரு நாளைக்கு இருபது வார்த்தை வந்தால் அதிகம். வெளியே போய் ஜாக்கெட்டை எடுத்து மண்ணைத் தட்டி பைக்கில் மாட்டினான். துவைத்தும் நிறம் திரும்பவில்லை. வெயிலில் வெளுத்துப் பழைய செங்கல் மாதிரி இருந்தது. வெளிச்சம் பட்டால் மினுங்க வேண்டிய பட்டை இரண்டு இடத்தில் உரிந்து நூலாகத் தொங்கியது.

நகரிக்கும் புத்தூருக்கும் நடுவே நடக்கும் சாலை அகலப்படுத்தும் வேலையில் அவன் ஸ்டோர் கீப்பர். பி.எஸ்சி. படித்தவன் என்பதால் பாதுகாப்புக் கணக்கும் அவன் தலையில். அங்கே ஜாக்கெட்டுகள் யாருக்கும் சொந்தமில்லை. காலையில் கைக்கு வந்ததைப் போட்டுக்கொண்டு மாலையில் திரும்ப மாட்டிவிட்டுப் போவார்கள். வேலை தொடங்கிய முதல் நாளே ரோலர் ஓட்டும் சின்னசாமி, காலனிக்காரர்கள் போட்டதைத் தன்னால் போட முடியாது என்று நின்றுவிட்டான். மற்ற ஆபரேட்டர்களும் அவன் பின்னால் நின்றார்கள். மேனேஜர் ரங்கையா ஐந்து நிமிடத்தில் வழி கண்டுபிடித்தார். ஊர்க்காரர்களின் ஜாக்கெட்டுகளுக்குக் கொட்டகைக்குள் ஒரு கயிறு. காலனி ஆட்களுடையதற்கு வெளியே, வேப்பமரத்துக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே இன்னொரு கயிறு. தவறிக்கூடக் கலந்துவிடாமல் இருக்கக் காலரில் கருப்பு நூல்.

உள்ளே இருந்தவை ஒரு வருடம் ஆகியும் புதுசாக இருந்தன. வெளியே இருந்தவை இரண்டே மாதத்தில் வெயிலும் மழையும் தின்று நிறமிழந்தன. ஆபரேட்டர்கள் வண்டிக்குள் உட்கார்ந்திருப்பவர்கள். சாலை ஓரத்தில் கொடி பிடித்து நிற்பதும், ஓடுகிற வண்டிகளுக்கு நடுவே ஜல்லி பெருக்குவதும் காலனிப் பெண்கள். செங்கமலம் நிற்பது வளைவில். மார்கழிப் பனியில் காலை ஏழு மணிக்கு அந்த வளைவில் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாது.

அதே வளைவுக்கு ஒரு கிலோமீட்டர் இந்தப் பக்கம்தான் போன மார்கழியில் தேவசேனா திருப்பதி பஸ்ஸுக்காக நின்றாள். லேப் டெக்னீஷியன், முதல் பஸ்ஸைப் பிடித்தால்தான் டூட்டிக்குப் போக முடியும். கட்டியிருந்தது கருநீலப் புடவை, தனசேகர் எடுத்துக் கொடுத்தது. லாரி டிரைவர் ஸ்டேஷனில் அழுதுகொண்டே ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னான்: "ஆளு நிக்கிறதே தெரில சார்." அவன் பொய் சொல்லவில்லை என்பது தனசேகருக்குத் தெரிந்திருந்தது. அதனால் அவனோடு சண்டை போடக்கூட முடியவில்லை.

வியாழக்கிழமை ரங்கையா கூப்பிட்டார். திங்களன்று சித்தூரிலிருந்து இன்ஸ்பெக்‌ஷன். நாற்பது ஜாக்கெட் புதுசாக வாங்கி வரச் சொன்னார். ஊர்க்காரர்களுக்குப் பட்டை அகலமாக நல்லதாக இருக்க வேண்டும், மற்றவர்களுக்கு ஏதோ ஒன்று. அதிகாரி வந்துபோகும்வரை எல்லாம் ஒரே நிறமாக இருக்கட்டும் என்றவர், குரலைத் தாழ்த்தித் தெலுங்கு கலந்த தமிழில் சொன்னார்.

"ஆனா குறி மறந்துடாதே. கருப்பு நூலு. தர்வாத்த சின்னசாமி வந்து என் தலைய துன்னுவான். அர்த்தமாயிந்தா?"

தனசேகர் தலையாட்டினான்.

திருப்பதியில் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஜமீலாவின் கடை. ஹெல்மெட், கையுறை, பூட்ஸ், ஜாக்கெட் எல்லாம் கூரைவரை அடுக்கியிருந்தது. முதலில் அவள் எடுத்துப் போட்டது வலைத்துணி ஜாக்கெட். சைட்டுக்காரர்கள் எல்லாரும் இதைத்தான் அள்ளிக்கொண்டு போகிறார்கள் என்றாள். தனசேகர் பட்டையின்மேல் விரலை வைத்தான். இரண்டு விரல்கூடத் தேறவில்லை. தோளின் மேல் பட்டையே இல்லை.

கடைக்கு உள்ளே இருட்டான இடம் இருக்கிறதா என்று கேட்டான். ஜமீலா அவனை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு குடோனைக் காட்டினாள். உள்ளே ஐந்து வகை ஜாக்கெட்டைத் தூரத்தில் மாட்டினான். கதவைச் சாத்தி, போன் டார்ச்சை நெற்றியோடு ஒட்டிப் பிடித்து அடித்தான். லாரி டிரைவரின் கண் இருக்கும் இடத்தில் விளக்கும் இருந்தால்தான் உண்மை தெரியும். மூன்று ஜாக்கெட்டுகளின் பட்டை சாம்பல் துணியாகவே நின்றது. வெறும் வெள்ளிப் பூச்சு. ஒன்று மங்கலாக மினுங்கியது. ஐந்தாவது, சுவரில் யாரோ எழுந்து நின்றமாதிரி பளீரென்று எரிந்தது. இடுப்பைச் சுற்றி இரண்டு பட்டை, தோள்மேல் இரண்டு. உட்புறத் துணிச்சீட்டில் ஜாக்கெட் படமும் பக்கத்தில் தர வகுப்பைக் காட்டும் 2 என்ற எண்ணும், எத்தனை முறை துவைக்கலாம் என்பதும் இருந்தன. கான்ட்ராக்ட் காகிதத்தில் கேட்டிருந்தது அதைத்தான்.

டார்ச்சை அணைக்காமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றான். ஜமீலா கதவைத் தட்டினாள்.

"இதுல நல்லது எத்தன, சாதா எத்தன சார்?"

"நாப்பதும் இதான்."

ஞாயிறு மதியம் கூடத்தில் ஜாக்கெட்டுகளைக் குவித்து வைத்துக்கொண்டு ஊசியில் கருப்பு நூலைக் கோக்க அவன் தடுமாறுவதை வரலட்சுமி பார்த்தாள். பவர்லூமில் பாவு நூல் பிணைக்கிற கை அவளுடையது. கண்ணை மூடிக்கொண்டு ஆயிரம் இழைக்கு முடிச்சுப் போடுவாள்.

"குடுடா இப்புடி. புதுசுதான? யாரும் போடலியே?"

"போடல."

"காலனி ஆளுங்களுதுக்கா நூலு?"

"ஆபீஸ் ஆர்டர்."

அவளுக்குத் திருப்தி. சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு காலரிலும் ஒரு முடிச்சைப் போட்டு வாயால் நூலை அறுத்தாள். பிரிக்கவே முடியாத முடிச்சு. முப்பதைத் தாண்டும்போதுதான் சந்தேகம் வந்தது.

"இத்தினி பேரா வராங்க வேலைக்கு?"

"மொத்தம் நாப்பது பேரும்மா."

அவள் மீதியையும் முடித்தாள்.

திங்கள் காலை பனி இறங்கியிருந்தது. வேப்பமரத்துக் கயிற்றைக் காணோம். கொட்டகைக்குள் இரண்டு வரிசையாகக் கயிறு ஓட, நாற்பது ஜாக்கெட்டும் அதில் தொங்கின. செங்கமலமும் மற்றப் பெண்களும் வாசலிலேயே நின்றார்கள். உள்ளே வந்து எடுத்துக்கொள்ளச் சொன்னான் தனசேகர். யாரும் அசையவில்லை. செங்கமலம்தான் செருப்பை விட்டுவிட்டு ஒரு காலை உள்ளே வைத்தாள்.

"செருப்போட வாங்க. இது ஸ்டோரு."

அவள் திரும்பிப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு வந்து, முதலில் தொங்கியதை எடுத்தாள். மற்றவர்களும் வந்தார்கள்.

சின்னசாமி வந்தபோது பாதி ஜாக்கெட் போயிருந்தது. பழக்கம் விடவில்லை, ஒன்றை எடுத்துக் காலரைப் புரட்டினான். கருப்பு நூல். மாட்டிவிட்டு அடுத்ததைப் புரட்டினான். அதற்கடுத்தது. வரிசை முடியும்வரை போனான்.

"யோவ் ஸ்டோரு, எல்லாத்துலயும் நூலு கீதுயா. எங்களுது எங்க?"

"அதான்."

"இன்னிக்கு புதுசு, சரி. நாளைக்கு எவ போட்டது எதுன்னு எப்புடிய்யா தெரியும்?"

"தெரியாது."

சத்தம் கேட்டு ரங்கையா ஓடி வந்தார். அவருக்கு விஷயம் புரிய அதிக நேரம் ஆகவில்லை. அவங்களுக்கு மட்டும்தானே குறி போடச் சொன்னேன் என்று பல்லைக் கடித்தார். தனசேகர் மேஜையிலிருந்து வெள்ளைத் தாளையும் பேனாவையும் எடுத்து அவர் முன்னால் வைத்தான்.

"யாருக்குக் குறி, எதுக்குக் குறின்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க சார். மத்ததுல நூலை இப்பவே அறுத்துட்றேன். வர்ற ஆபீசர் கேட்டா காட்டணும்ல."

ரங்கையா தாளைப் பார்த்தார். பேனாவைத் தொடவில்லை. வெளியே ஜீப் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. ஜாக்கெட் இல்லாதவர்கள் சைட்டில் இருக்கக்கூடாது என்ற பலகை அவருக்கு நேர் பின்னால் தொங்கியது. அதை மாட்டியதும் அவர்தான்.

"வேசுக்கோய்யா," என்று சின்னசாமியைப் போட்டுக்கொள்ளச் சொன்னார், முகத்தைப் பார்க்காமல்.

கொடியோடு வளைவுக்குப் புறப்பட்ட செங்கமலம் வாசலில் திரும்பினாள்.

"போட்டுக்கோ அண்ணா. கடிக்காது."

பெண்கள் சிரித்தார்கள். சின்னசாமி போட்டுக்கொண்டான். கழுத்தில் காலர் படாமல் இருக்க அன்று முழுவதும் தலையை முன்னால் நீட்டியே ரோலர் ஓட்டினான்.

அதிகாரி பட்டையை அளந்தார், துணிச்சீட்டைப் படித்தார். இந்தக் கருப்பு முடிச்சு என்ன என்று கேட்டார். களவு போகாமல் இருக்கக் கம்பெனி அடையாளம் என்றார் ரங்கையா. நல்ல ஏற்பாடு என்று அதிகாரி குறித்துக்கொண்டார். ஜீப் போன பிறகு, மாதம் முடியட்டும், உன் வேலையைப் பற்றி அப்போது பேசிக்கொள்ளலாம் என்று தனசேகரிடம் சொன்னார் ரங்கையா. சரி சார் என்றான்.

வாரக் கடைசியில் கயிற்றிலிருந்து கைக்கு வந்த ஒன்றைப் போட்டுக்கொண்டே வீட்டுக்கு வந்தான். அலசிக் கொடியில், அம்மாவின் புடவைக்குப் பக்கத்தில் போட்டான்.

வரலட்சுமி குச்சியோடு வந்தாள். காலரைப் பார்த்தாள்.

"இது யாருதுடா?"

"தெரியாதும்மா. நேத்து யாரு போட்டதுன்னு எனக்கே தெரியாது."

"காலனிக்காரங்களுதா, இல்லியா? அத்த சொல்லு."

"எல்லாத்துலயும் நூலு கீது. நீதான கட்டின."

அவள் காலரைக் கையில் பிடித்து முடிச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளுடைய முடிச்சுதான். குச்சியை ஓங்கியபடி நின்றாள், எதைத் தள்ளுவது என்று தெரியாமல். பிறகு தன் புடவையை ஒரு சாண் அப்பால் நகர்த்தினாள். உருவவில்லை. வாளியையும் எடுக்கவில்லை.

தனசேகர் உள்ளே போய்த் தட்டில் சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். வெளிச்சம் மங்கியிருந்தது. தெரு முனையில் ஒரு பைக் திரும்பியது. அதன் விளக்கு பட்டதும் கொடியில் இடுப்பும் தோளும் எரிந்தன, அங்கே ஒரு ஆள் நிற்பது போல. பைக் வேகத்தைக் குறைத்து, ஒதுங்கிப் போனது.