கூட்டிச் சொன்ன பன்னிரண்டு வயது

1

இந்தக் கதை எனக்குச் சுறாப்புட்டுக்கு நடுவில் கிடைத்தது. ஃபேரர் பார்க் பக்கத்துச் சந்தில் ஒரு சாப்பாட்டுக்கடை. புதன்கிழமை மதியம், இரண்டாவது முறை புட்டு வாங்கிக்கொண்டிருந்தேன். அடுத்த பெஞ்சுப் பேச்சு காதில் விழுந்தது. ஒட்டுக்கேட்டேன் என்றும் சொல்லலாம். தொடர்கதை எழுதுகிறவனுக்கு அது தொழில்.

ஆட்களின் பெயரை மாற்றிவிட்டேன். சுறாப்புட்டை மாற்றவில்லை.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: ‘மழை கொட்டிக்கொண்டிருந்தது. எழுபத்திரண்டு வயதுக் கிழவி செல்லக்கண்ணு, ஆஸ்பத்திரி வாசலில் தன்னந்தனியாக’

(அடித்துவிட்டேன். என் கடைசி மூன்று கதைகளும் மழையில்தான் ஆரம்பித்தன என்று பத்திரிகை ஆசிரியர் சொல்லிக்காட்டினார். தவிர, அந்த எழுபத்திரண்டில்தான் வில்லங்கமே இருக்கிறது.)

2

1962. செல்லக்கண்ணு அந்தச் சாப்பாட்டுக்கடையின் சொந்தக்காரர். பிள்ளைகுட்டி இல்லாத விதவை. இடது மார்பில் புற்றுநோய்க் கட்டி என்று மார்பையே எடுத்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அந்த இடத்தில் ஒரு வெறுமை, ஒரு பாலைவனம், ஒரு

(வேண்டாம். அந்த அம்மாள் பாலைவனத்தைப் பார்த்ததில்லை. நடந்தது இதுதான்: எதிர்க்கடைத் தையல்காரர் மருதப்பனிடம் நான்கு ரவிக்கைகளைக் கொடுத்து, “இடப்பக்கம் உள்ளே பிடிச்சுத் தச்சுக் குடும்” என்றார். மருதப்பன் அப்படிப் பிடித்துத் தைக்கவில்லை. உள்ளே பஞ்சு வைத்து அளவாகத் தைத்து அனுப்பினார்.)

அந்தப் புதன்கிழமை காலை டாக்டர் இங்கிலீஷில் சொன்னதை நர்ஸ் மலாயில் சொன்னாள். புண் நன்றாக ஆறிவிட்டது. இனி கரண்ட் வைக்கலாம், வைக்காமலும் இருக்கலாம்.* வைத்தால் அதே இடத்தில் கட்டி திரும்ப வருவது குறையும். ஆனால் ஐந்து வாரம் நாள் தவறாமல் வரவேண்டும். தோல் கருகும், உடம்பு அசந்துபோகும்.

“எழுபத்திரண்டு வயதுக்கு இவ்வளவு சிரமம் வேண்டாம் என்று நினைக்கிறேன். அறுபது என்றால் வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். யோசித்து வெள்ளிக்கிழமை வந்து சொல்லுங்கள்” என்றார் டாக்டர்.

பஸ்ஸில் ஏறும்போது செல்லக்கண்ணுவுக்கு அப்பாடா என்றிருந்தது. கரண்ட் வைக்கும் மெஷின் இருக்கும் அறையைக் கதவு வழியே பார்த்திருக்கிறார். ஆளைப் படுக்கவைத்துவிட்டு எல்லோரும் வெளியே போய்விடுகிறார்கள். சிராங்கூன் ரோட்டில் இறங்கும்போது அந்த அப்பாடா, தொண்டையில் மீன்முள்ளாக நின்றது. ஏனென்றால் அவருக்கு அறுபதுதான்.

* கதிர் வைத்தியத்துக்கு நம் ஜனங்கள் வைத்த பெயர். டாக்டர் நண்பர் ஒருவரைக் கேட்டேன். கரண்ட் வைத்தவர்களுக்கும் கட்டி திரும்பியிருக்கிறதாம், வைக்காதவர்கள் பேரன் கல்யாணத்தில் பந்தி பரிமாறியிருக்கிறார்களாம். “இன்னாருக்கு இப்படி என்று முன்கூட்டிச் சொல்ல முடிந்தால் நான் ஏன் டாக்டராக இருக்கிறேன்?” என்றார்.

3

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். இந்த ஊரில் சிப்பாய்க் கலகம் நடந்த 1915இல், பதின்மூன்று வயதில், அப்பாவோடு கப்பலில் வந்து இறங்கியவர். ஜப்பான்காரன் காலத்தில் புருஷன் போனார். சண்டை முடிந்ததும் இருபது ஒண்டிக்கட்டை ஆண்களுக்குச் சோறாக்கிப் போட ஆரம்பித்தார். சந்து சும்மா இருக்குமா? வாய்க்கு வந்ததைப் பேசியது.

1948இல் அடையாள அட்டைக்கு வரிசையில் நின்றார். “வயசு?” என்று கேட்டார்கள். நாற்பத்தாறு வயது செல்லக்கண்ணு, “அம்பத்தெட்டு” என்றார். பட்டினியில் தலை நரைத்திருந்ததால் குமாஸ்தா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அதே வயதைச் சந்திலும் சொல்ல, மறுநாளிலிருந்து அவர் ஊருக்கெல்லாம் அக்கா. சந்தும் வாயை மூடிக்கொண்டது. அன்றைக்கு ஊர்வாயிலிருந்து காப்பாற்றிய அந்தப் பன்னிரண்டு வயது, இன்றைக்கு மெஷினிடமிருந்தும் காப்பாற்றத் தயாராக நிற்கிறது. காப்பாற்றுகிறதா, கவிழ்க்கிறதா என்பதுதான் தெரியவில்லை.

4

இனி நான் ஒட்டுக்கேட்டது. மருதப்பனுக்கு அறுபத்துநாலு. சாப்பிட உட்கார்ந்திருந்தார்.

“என்னக்கா, டாக்டர் என்ன சொன்னாரு?”

“கிழவிக்கு எதுக்குக் கரண்டுங்கறாரு.”

“நியாயந்தானே.”

“யோவ், யாரைக் கிழவிங்கறீர்?”

“நீங்கதான் இப்ப சொன்னீங்க.”

செல்லக்கண்ணு ரசக் கரண்டியை எடுத்தார். “அறுபதுன்னா வச்சுக்கச் சொல்வாராம்.”

“அப்ப வச்சுக்குங்க.”

கரண்டி அந்தரத்தில் நின்றது.

“கார்டு எடுத்த அன்னிக்கு உங்க பின்னாடி நின்னவன் நான்தான். ரவிக்கை தைக்கிறவனுக்கு நாப்பத்தாறு எது, அம்பத்தெட்டு எதுன்னு தெரியாதா?”

“தெரிஞ்சுமா பதினாலு வருஷம் அக்கா, அக்கான்னு...”

“அக்காவா இருக்கணும்னு நெனச்சீங்க. இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன் லா.”

“எதுக்கு விட்டீர்?”

“ரசம் ஊத்துங்க, ஆறுது.”

இந்த இடத்தில் எனக்குப் புரை ஏறியது. இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“எழுத்தாளர் தம்பி, இதை எழுதப் போறீங்களா?”

“பேரை மாத்திடறேன், அக்கா.”

“பேரை மாத்துங்க. வயசை மாத்தாதீங்க. அதை நானே ஒருதரம் மாத்திப் படறது போதும்.”

5

இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முதலாவதில் உண்மையைச் சொல்கிறார். ஐந்து வாரமும் மருதப்பன் டிரைஷா என்கிற சைக்கிள் வண்டியில் கூட்டிப்போகிறார். கடைசிப் பத்தியில் மாலையும் கையுமாக இருவரையும் நிறுத்தினேன். (ஆசிரியருக்குப் பிடிக்கும். அந்த அம்மாள் கரண்டியோடு வருவார்.)

இரண்டாவதில் வயதைப் பற்றி மூச்சு விடாமல் வீடு திரும்பி, இன்னும் பல வருஷம் சுறாப்புட்டு போடுகிறார். (என் வயிறு எழுதிய முடிவு இது. நம்பாதீர்கள்.)

இரண்டையும் கிழித்துவிட்டேன். குமாஸ்தா எழுதினார், டாக்டர் படித்தார், நானும் முதல் வரியிலேயே கிழவி என்று போட்டேன். வயதை இனி அவர் சொல்லட்டும்.

வெள்ளிக்கிழமை காலை. ஆஸ்பத்திரி பெஞ்சில் செல்லக்கண்ணு, பக்கத்தில் மருதப்பன், ஓரத்தில் நான். வழியெல்லாம் மருதப்பன் ஒருமுறைகூட அக்கா என்று கூப்பிடவில்லை என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

நர்ஸ் வெளியே வந்து அட்டையைப் பார்த்துப் படித்தாள்.

“செல்லக்கண்ணு! எழுபத்திரண்டு வயசு!”

அவர் எழுந்திருக்கவில்லை.

“செல்லக்கண்ணு, எழுபத்திரண்டு!”

முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டார். எழுந்திருக்கவில்லை.

நான் எழுந்துகொள்கிறேன். பெஞ்சில் இடம் இருக்கிறது, நீங்கள் உட்கார்ந்து பாருங்கள். நர்ஸ் மூன்றாம் முறை வாயைத் திறக்கிறாள். மருதப்பன் மெல்லக் குனிந்து கேட்கிறார்:

“இந்தாங்க... உங்களையா கூப்பிடறாங்க?”