இரண்டாவது குளியல்

பிரேசிலின் பெலெங் நகரத்து ஆண்களைப் பற்றி யார் என்ன குறை வேண்டுமானாலும் சொல்லலாம், குளிக்காதவர்கள் என்று மட்டும் வாய் கூசாமல் சொல்லிவிட முடியாது. காலையில் ஒன்று, மதியச் சாப்பாட்டுக்கு முன் ஒன்று, பிற்பகல் மழை விட்டதும் ஒன்று. ஒரே குளியலோடு நாளை ஓட்டுகிறவனை முதலாளி கேள்வி கேட்கமாட்டார்; பக்கத்து நாற்காலிக்காரன் கேட்டுவிடுவான். அப்படிப்பட்ட ஊரில் ஆண்களுக்கான வாசனைச் சோப்பு விளையாட்டுக் காரியமில்லை.

உயர்ந்த ரகம் வேண்டுமென்றால் தோனா அல்சீராவின் கடைக்குத்தான் போக வேண்டும்; தோனா என்றால் அம்மா என்கிற மரியாதை. கடையின் நடுவில் ஒரு கண்ணாடி அலமாரி. அதில் ஆண்கள் சோப்பு மட்டும், அதுவும் எட்டே எட்டு வகை. வக்கீல்களும் கப்பல் கம்பெனி அதிகாரிகளும் டப்பாக்களைத் திறந்து மோந்து பார்த்து, இதுவா அதுவா என்று முடிவெடுக்க முடியாமல் அரை மணி நேரம் நிற்பார்கள். வீட்டில் மனைவி தேர்ந்தெடுக்கச் சொன்ன சுவர் வண்ணத்துக்குக்கூட அவர்கள் அவ்வளவு யோசித்திருக்கமாட்டார்கள். இங்கிலாந்துக்காரர் ஒருவர் தன் சோப்புத் தொழிலை மூடிவிட்டதால் எட்டில் ஓர் இடம் காலியாகிவிட்டது. அந்த இடம்தான் ஜுசாராவின் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தது.

ஜுசாராவுக்கு நாற்பத்து மூன்று வயது. பத்தொன்பது வருஷம் ஒரு சோப்புத் தொழிற்சாலையில் வாசனைப் பிரிவில் இருந்தாள். போன வருஷம் ஒருநாள், பிரிப்ரியோகா என்ற உள்ளூர்க் கோரைக்கிழங்கை இடித்துப் போட்டு ஆண்களுக்கு ஒரு சோப்பு செய்யலாமே என்று மேலாளரிடம் கேட்டாள். அது ஆற்றங்கரைச் சந்தையில் மூலிகைக்காரிகள் கட்டுக் கட்டாக விற்கிற சரக்கு, அதைப் போய் எந்தக் கனவான் உடம்பில் தேய்ப்பான் என்று சிரித்துவிட்டார். ஜுசாராவுக்கு ரோஷம் வந்துவிட்டது. சம்பளமில்லாத விடுப்பு ஒரு வருஷம் எழுதிக் கொடுத்துவிட்டு, கொல்லைப்புறத்தில் தகரக் கொட்டகை போட்டு, இரண்டு நாத்தனார்களைச் சேர்த்துக்கொண்டு, தானே செய்தாள். சோப்பு நன்றாக வந்தது. விற்கத்தான் இடமில்லை. விடுப்பு திங்கட்கிழமையோடு முடிகிறது. அதற்குள் அந்தக் கண்ணாடி அலமாரியில் ஏறினால் பட்டறை உண்டு. இல்லையென்றால் கொட்டகையைப் பிரித்துவிட்டு அதே மேலாளர் முன்னால் போய் நிற்க வேண்டும்.

சனிக்கிழமை காலை போட்டி. காலியிடத்துக்கு ஐந்து சோப்புகள். யாருக்கும் மனத்தாங்கல் வேண்டாமென்று தோனா அல்சீரா சாவ் பாவ்லோவிலிருந்து சில்வியோ என்ற வாசனை நிபுணரை வரவழைத்திருந்தார். கத்தரித்த தாடி, இஸ்திரி கலையாத சட்டை. கடை மாடியில், பல் கிட்டிக்கும்படி ஏசி வைத்த அறையில், வெள்ளைக் காகிதத்தின் மேல் ஐந்து கட்டிகளையும் பரப்பிவைத்து அவர் வேலையைத் தொடங்கினார். ஒவ்வொன்றுக்கும் நடுவில் காப்பிக்கொட்டையை மோந்து மூக்கைச் சுத்தம் செய்துகொண்டார். ஒரு கிண்ணத் தண்ணீரில் நுரைத்தும் பார்த்தார்.

குறை சொல்லக் கூடாது, மனிதருக்கு விஷயம் தெரிந்திருந்தது. பிரெஞ்சு லாவெண்டரில் இனிப்பு கொஞ்சம் தூக்கல், பெண்கள் பக்கம் சாய்கிறது என்றார். இத்தாலிக்காரனின் நாரத்தை முதல் மூச்சில் அள்ளுகிறது, மூன்றாவது மூச்சில் ஆளைக் காணோம் என்றார். ஸ்பெயினின் புகையிலை வாசனை மாப்பிள்ளைகளுக்குச் சரி, மாமனார்களுக்கு ஆகாது. போர்ச்சுகலின் வெட்டிவேர்ச் சோப்பைக் கையில் எடுத்தபோது மட்டும் கண்ணை மூடிக்கொண்டார். அதற்கு முதலிடம். ஜுசாராவின் சோப்பை எடுத்தார், மோந்தார், மறுபடி மோந்தார், கீழே வைத்தார்.

"மண்ணு வாசனைதான் வருது. குளிச்சுட்டு வந்த ஆம்பளை வாசனை இல்ல, குளிக்கப்போற ஆம்பளை வாசனை."

அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கல்லாவில் உட்காரும் கிராசாகூட உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஜுசாராவுக்குக் காது மடல் எரிந்தது. அழுகை ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். ஆத்திரம்தான் முந்திக்கொண்டது.

"நீங்க சோப்பைத்தான் மோந்து பாத்தீங்க சார். சோப்பு போட்ட ஆளை மோந்து பாக்கலையே," என்றாள். "இந்தக் குளிருல அது வாயே தொறக்காது. ஒடம்புச் சூடு வேணும், வேர்வை வேணும். காகிதமா குளிக்குது?"

அவள் கேட்டது இதுதான். கடையில் சுமை தூக்குகிற, வண்டியில் சரக்கேற்றுகிற ஆண்கள் ஐந்து பேர். மதியக் குளியலுக்கு எப்படியும் பின்கட்டுக் குளியலறைக்குப் போகத்தான் போகிறார்கள். ஆளுக்கு ஒரு சோப்பு கொடுக்கட்டும். யாருக்கு எது என்பது கிராசாவுக்கு மட்டும் தெரியட்டும். வழக்கம்போல் வேலை பார்க்கட்டும். ஐந்து மணிக்குக் கடை சாத்தும்போது தோனா அல்சீரா எல்லாருக்கும் விடை கொடுப்பார் அல்லவா, அப்போது தெரிந்துவிடும். கன்னத்தில் முத்தம் வைப்பதெல்லாம் இந்த ஊரில் வெறும் மரியாதைக்கு. வேண்டியவர்களுக்குக் கழுத்தோரம் மூக்கை வைத்து ஓர் இழுப்பு இழுத்துத்தான் விடை கொடுப்பது. தோனா அல்சீரா முப்பது வருஷமாகத் தன் ஆட்களை அப்படித்தான் வீட்டுக்கு அனுப்புகிறார்.

கழுத்தை மோப்பது ஒரு பரிசோதனை முறையா என்று சில்வியோ கேட்டார். தோனா அல்சீரா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"எங்களுக்கு அதுதான் முறை, சார்," என்றார்.

மதியம் ஐந்து பேரும் குளித்தார்கள். வறுத்த மீனும் அசாயிப் பழக்கூழும் சாப்பிட்டார்கள். வெயிலில் பெட்டிகளைத் தூக்கினார்கள். ஜுசாரா எதிர்ப்புறத்து நிழலில் நின்று பார்த்துக்கொண்டேயிருந்தாள். வியர்க்க வியர்க்க அவளுக்குச் சந்தோஷம். மூன்று மணிக்கு வழக்கம்போல் மழை பிடித்தது. சரக்கு நனையாமல் காப்பாற்றுவதற்குள் ஐந்து பேரும் தொப்பலாக நனைந்துபோனார்கள். நனையட்டும், நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டாள்.

மழை விட்டதும் வீட்டுக்குப் போய்விட்டு, நாலு மணிக்குக் கடைக்குள் வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். ஐந்து பேரும் பின்கட்டிலிருந்து வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். தலை ஈரம், வாரின முடி, மாற்றின சட்டை. ஐந்து பேர் மேலும் தேங்காயெண்ணெய்ச் சோப்பு வாசனை கும்மென்று அடித்தது. குளியலறையில் ஆட்களுக்கென்று வைத்திருக்கிற சாதாரணச் சோப்பு அது.

மழை விட்டதும் குளித்துவிட்டார்கள்.

யாரைக் குற்றம் சொல்வது? குளிக்காதீர்கள் என்று அவள் சொல்லவில்லை. மூச்சு விடாதே என்று யாராவது சொல்லிவைப்பார்களா? அவளே அன்றைக்கு மூன்றாவது முறை குளித்துவிட்டு வந்தவள்தான். ஐவரில் ஆகப் பெரியவன் அதாமோர், சுமை தூக்கி சுமை தூக்கிக் கழுத்து தடித்துப்போனவன், அவள் முகத்தைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"அய்யோ அக்கா, மழையில நனைஞ்சோமே, எப்பிடிக் குளிக்காம இருக்கறது?"

சில்வியோவுக்கு விஷயம் தெரிந்ததும் வாய்விட்டுச் சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை, ஆனால் அந்தச் சிரிப்பை அவர் கொஞ்சம் அடக்கியிருக்கலாம். ஐந்து சோப்பும் சாக்கடைக்குப் போய்விட்டன, காகிதத்தில் எழுதின மதிப்பெண்தான் இனி மிச்சம் என்றார். ஜுசாரா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். கொட்டகைத் தகரத்தை யாருக்கு விற்பது என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்திருந்தது. நாத்தனார்களிடம் என்ன சொல்வது என்பதுதான் அதைவிடக் கஷ்டமாக இருந்தது.

தோனா அல்சீரா மட்டும் அசரவில்லை. போட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் மணி ஐந்தாகிவிட்டது, ஆட்களை வீட்டுக்கு அனுப்ப வேண்டாமா என்று எழுந்துபோய் வாசலில் நின்றார். முதல் ஆளின் கழுத்தோரம் குனிந்தார். தேங்காய். இரண்டாவது ஆள், தேங்காய். மூன்றாவதும் அதுதான். நாலாவது ஆளை மோந்துவிட்டு, இந்தச் சோப்பை மாற்ற வேண்டும், சமையலறை மாதிரி இருக்கிறது என்று முணுமுணுத்தார். ஐந்தாவதாக அதாமோர். அவன் உயரத்துக்கு அவர் குதிகாலை எக்க வேண்டியிருந்தது. மோந்தார். விலகினார். தேங்காயை மீறி வேறு ஏதோ வாசனை. மறுபடி எக்கி மோந்தார். மூன்றாவது முறை அவன் சட்டைக் காலரைப் பிடித்துக் கீழே இழுத்தார்.

"நீ குளிக்கலையாடா?"

"குளிச்சேன் தோனா. ரெண்டு தடவ தேய்ச்சேன்."

"பொய் சொல்லாத."

பக்கத்தில் நின்றவன் சத்தியம் செய்தான். அதாமோர் முதுகைத் தேய்த்துவிட்டதே தான்தான், அந்த முதுகு முழுக்கத் தேய்ப்பதற்குள் அரைக் கட்டி கரைந்துவிட்டது என்றான். தோனா அல்சீரா திரும்பினார். யாருக்கு எந்தச் சோப்பு என்று எழுதிவைத்திருந்த சீட்டைக் கிராசா பிரித்தாள்.

"அதாமோருக்குக் குடுத்தது ஜுசாரா அக்கா சோப்பு."

ஜுசாரா எழுந்து நின்றாள். போட்டிச் சோப்புக்குப் பின் வந்த இரண்டாவது குளியல் அவளைக் கவிழ்த்துவிட்டது என்று எல்லாரும் நினைத்தார்களே, அந்தக் குளியல்தான் மற்ற நாலையும் கழுவி அனுப்பிவிட்டு அவளுடையதை மட்டும் விட்டுவைத்திருந்தது. ஒரு நாளைக்கு மூன்று முறை குளிக்கிற ஊருக்கு எந்தச் சோப்பு வேண்டும் என்று இனி ஒருவரும் வாய் திறந்து சொல்ல வேண்டியதில்லை.

சில்வியோ நம்பவில்லை. நிபுணர் இல்லையா, தானே பார்க்க வேண்டும். வெட்கப்பட்டுக்கொண்டே அதாமோரின் கழுத்தருகே போனார். அதாமோர் கூச்சத்தில் நெளிந்தான், ஆட்கள் விசிலடித்தார்கள். சில்வியோ அங்கேயே நின்றார். கண்ணை மூடிக்கொண்டார். போர்ச்சுகல் சோப்புக்கு மூடினதைவிட நேரம் அதிகம். பிறகு சட்டைப் பையிலிருந்து மதிப்பெண் தாளை எடுத்து நாலாகக் கிழித்தார்.

"நான் தப்பு பண்ணிட்டேம்மா," என்றார். "மரம் மாதிரி இருக்கு, மெளகு மாதிரி இருக்கு, அடியில ஒரு பூ இருக்கு. காலைல இது எதுவும் எனக்குத் தெரியல. மன்னிச்சுக்குங்க."

ஜுசாரா மன்னித்துவிட்டாள். ஜெயித்தவர்களுக்கு அது சுலபம்.

தோனா அல்சீரா அலமாரியைத் திறந்து, ஓரத்தில் காலியாக இருந்த இடத்தைக் காட்டினார். ஜுசாரா அந்த இடத்தைப் பார்த்தாள். காலையில் அதற்காகத்தான் தவம் கிடந்தாள். இப்போது அது போதவில்லை.

"ஓரத்துல வேணாம் தோனா. நடுவுல வைங்க."

தோனா அல்சீரா அவளை ஒரு நிமிஷம் முறைத்தார். அப்புறம் நடுத்தட்டிலிருந்த சோப்புகளைத் தன் கையாலேயே இரண்டு பக்கமும் தள்ளி ஒதுக்கினார். ஆட்கள் ஒருவரும் வீட்டுக்குக் கிளம்பவில்லை. தேங்காய் மணத்தோடு நின்ற நாலு பேரும் எங்களுக்கும் அந்தச் சோப்பு வேண்டும், அதாமோர் மட்டும் என்ன உசத்தி என்று சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"மொத சரக்கு எப்பக் கொண்டு வருவ?" என்று கேட்டார் தோனா அல்சீரா.

ஜுசாரா யோசிக்கவே இல்லை.

"திங்கக்கிழமை காலைல," என்றாள், வாசல்வரைக்கும் கேட்கும்படி.